யூஜினி டீச்சரின் பத்துக்குப் பத்து

யூஜினி டீச்சரின் வீடு உள்ளுக்குள் பெருக்கத் தொடங்கியது, கிளறின்டா என்ற பெண்பிள்ளை பின்னக் கணக்குப் படிக்க வந்து உட்கார இடமில்லாமல் வாசலில் நின்ற ஒரு சாயங்காலத்தில்தான் என்பதைக் கட்டைவேலம்பட்டி முகாமில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயம் அந்த முகாமில் வேறு அதிகமில்லை. கடல் தாண்டி வந்தவர்களுக்கு, குடும்பத்துக்கு ஒன்று என்று அரசாங்கம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் அதுவும் ஒன்று. பத்தடிக்குப் பத்தடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ், முன்னால் ஒரு கதவு, பின்னால் ஜன்னல் என்று சொல்லப்பட்ட ஓட்டை. அதற்குள் அன்றைக்கு முப்பது பிள்ளைகளாவது முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள வா, வெளிச்சத்தை மறைக்காத" என்றார் டீச்சர், கரும்பலகையிலிருந்து திரும்பாமலே.

"இடமில்லை டீச்சர்."

"படிக்க வந்த பிள்ளைக்கு இடமில்லையெண்டு எந்தச் சுவர் சொன்னது?"

பின்சுவர் ஓரடி பின்னால் நகர்ந்து கொடுத்தது. கிளறின்டா உட்கார்ந்தாள். "காலை மடக்கு" என்றார் டீச்சர். வகுப்பு நடந்தது.

பின்வரிசை வீட்டு ஞானம்மாக்காவுக்கு மட்டும் மறுநாள் ஒரு சந்தேகம் வந்தது. "அந்த ஓரடி என்ர குசினியிலயிருந்துதான் போயிருக்கோணும்" என்று சொல்லி, தன் வீட்டை அடுப்படியோடு சேர்த்துச் சேலையால் இரண்டு தரம் அளந்து பார்த்தார். ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. "அப்ப சரி" என்று சேலையை மடித்து வைத்தார். அத்தோடு அதைப் பற்றிய விசாரணை முடிந்துபோனது. தங்களிடமிருந்து போகாத வரைக்கும் இடம் எங்கிருந்து வந்தாலென்ன என்பது, ஒரு தரத்துக்கு மேல் ஊர் விட்டு வந்தவர்களின் பொதுவான கருத்து.

யூஜினி டீச்சர் ஊர் விட்டு வந்தது ஒரு தரம் அல்ல. மன்னார்க் கரையில் பத்தொன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, முதல் சம்பளத்தை எண்ணி முடிப்பதற்குள் ஊரே கிளம்ப, மடு மாதா கோயில் வளவில் மற்றவர்கள் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மரத்தடியில் வாய்ப்பாடு தொடங்கினார்; அங்கிருந்தும் கிளம்பிப் படகு ஏறியபோது, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஓட்டி சொல்லிவிட்டதால், பிள்ளைகளுக்கு மனக்கணக்கு நடத்தினார், விடையை விரலால் காட்டச் சொல்லி; மண்டபம் கரையில் இறங்கி, அங்கிருந்து லாரியில் ஏற்றி, இந்தக் கட்டைவேலம்பட்டியில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கியில் கொண்டுவந்து தள்ளி, குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்ட நாட்களில், அந்தச் சேலைகளில் ஒன்றின் மீது கரித்துண்டால் அரிச்சுவடி எழுதி, சேலைக்கு உரியவளிடம் ஏச்சு வாங்கினார். கலியாணம் செய்யவில்லை, அதற்கு நேரம் வரும்போதெல்லாம் ஏதாவதொரு பரீட்சை வந்துவிட்டது. அவருக்கு இருந்த ஒரே குறை, தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் உண்டு என்று அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை என்பதுதான்.

சுவர் நகர்ந்த செய்தி பரவியதும் முகாம் ஆசைப்பட்டது. ஆசைப்படாமல் எப்படி இருக்கும்? பத்தடிக்குள் ஆறு பேர் படுக்கிறவர்களுக்கு, கை அகல இடமென்றால் அது நிலம், சொத்து, சீதனம். ஞானம்மாக்கா முதல் ஆளாகத் தன் தையல் மெஷினைக் கொண்டுவந்து டீச்சரின் வீட்டு மூலையில் வைத்தார். வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளை புத்தகத்தை மூடியதும் சுவர்கள் நாலும் உள்ளே வந்து, மெஷினை அலுங்காமல் குலுங்காமல் மரியாதையாகக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டன. ஒருவருடைய அரிசி மூட்டை வெளியே வந்தது. ஒருவருடைய ஆடு தானாகவே வெளியே வந்தது. அப்போதுதான் சட்டம் விளங்கியது: அந்த அறை படிக்கிற ஆளுக்கு மட்டும்தான் இடம் கொடுக்கும், படிக்கிற நேரத்துக்கு மட்டும்தான் கொடுக்கும். தெரிந்ததைத் திரும்பப் படிக்கிற ஆளையும், படிப்பது போலப் பாவனை காட்டுகிற ஆளையும் அது நெருக்கும்.

நல்லது, படித்துவிட்டுப் போகிறோம் என்றது முகாம்.

முகாம் ஆண்களில் பாதிப் பேர் டவுனில் வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறவர்கள். அவர்களில் சிலர் பட்டம் வாங்கிய பிறகும் வேறு வேலை கிடைக்காமல் வண்ணம் அடிக்கிறவர்கள். நாள் முழுக்க ஏணியில் நின்று வந்தவர்களுக்குக் காலை நீட்டிப் படுக்க வேண்டும். டீச்சர் வீட்டில் ஆளுக்கு ஆறடி கிடைத்தது, வரலாறு படிக்கிற வரைக்கும். கண் அயர்ந்தால் சுவர் வந்து பெருவிரலில் முட்டும். அதனால் கட்டைவேலம்பட்டியின் வண்ணக்காரர்கள் மல்லாந்து படுத்தபடியே பிரெஞ்சுப் புரட்சியை அரசன் தலை போகும் வரைக்கும் கற்றார்கள். புதிதாகக் கலியாணம் கட்டியவர்களின் பாடு அதைவிடச் சிக்கல். மாமியார், கொழுந்தன், மாமியாரின் மாமியார் எல்லோரும் படுக்கிற ஒரே அறையில் அவர்கள் எங்கே போவார்கள்? ஒரு சோடி வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு டீச்சரிடம் ஒரு மூலை கேட்டது. டீச்சர் முகம் சிவந்து, குறுக்கே ஒரு சேலையைக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி நின்று உரத்த குரலில் பைதாகரஸ் தேற்றத்தை விளக்கினார். "விளங்குதா?" என்று இடைக்கிடை கேட்பார். "இன்னும் இல்லை டீச்சர்" என்று சேலைக்குப் பின்னாலிருந்து பதில் வரும். அந்த முகாமில் செங்கோண முக்கோணம் தெரியாத தம்பதி இன்றைக்கும் கிடையாது.

இதில் யாரும் எதிர்பாராத வகையில் மதிப்பு உயர்ந்தது கிளறின்டாவுக்குத்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் சட்டென்று விளங்கிக்கொண்டுவிடுவார்கள்; விளங்கியதும் அவர்கள் இடம் சுருங்கிவிடும். கிளறின்டாவோ பின்னக் கூட்டலை வருசக்கணக்காக, மனதார, பாடுபட்டு, விளங்கிக்கொள்ளாமல் இருந்தாள். அவள் முயற்சி பண்ணினால் ஒரு பக்கச் சுவர் முப்பதடி போகும். அவளுடைய தாய் தண்ணீர்க் குழாயடியில் தலை நிமிர்ந்து நடந்தாள். "என்ர பிள்ளை இருந்தா ஒரு கோயில் கட்டலாம்" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு குடத்தை நிரப்பினார்கள்.

முகாம் தலைவர் மடுத்தீன் தன் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தபோது, மண்டபம் பிடிக்கவில்லை; கிளறின்டாவைப் பிடித்தார்.

மடுத்தீன் ஒரு காலத்தில் மூன்று வள்ளம் வைத்திருந்தவர், நெஞ்சை முன்னால் விட்டு நடக்கிறவர், எதைச் சொன்னாலும் "அது எனக்குத் தெரியும்" என்று தொடங்குகிறவர். டீச்சரின் அறை அவரை வாசலோடு நெருக்கித் தள்ளிவிடும். அதனால் மகள் கலியாணத்தன்று அவர் வெளியே கதிரை போட்டு இருந்துகொண்டார். உள்ளே இருநூறு பேருக்குப் பந்தி. மணமக்கள் மேசையில் மூன்றடுக்குக் கேக். மூலையில் கிளறின்டாவும் டீச்சரும் சிலேட்டும். டீச்சருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சொல்லிக் கொடுப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய தன்னிடம், பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்து குனிந்து, "ஆறுதலா, மெதுவாச் சொல்லிக் குடுங்கோ டீச்சர், ரெண்டாம் பந்தி இன்னும் எழும்பேல்லை" என்று கெஞ்சினால் எந்த ஆசிரியர் தாங்குவார்?

"நான் சொல்லிக் குடுக்கிறதில குறை வைக்கமாட்டன்" என்றார் டீச்சர். "விளங்கினா விளங்கட்டும்."

விளங்கிவிட்டது. கேக்கின் அடியடுக்கை ஆறு துண்டாக வெட்டி, முதலில் பாதியை மாப்பிள்ளை வீட்டுக்கும், பிறகு மூன்றில் ஒரு பங்கைப் பெண் வீட்டுக்கும் எடுத்து வைத்ததை வாய் பார்த்துக்கொண்டிருந்த கிளறின்டா, தட்டில் மிஞ்சியிருந்த ஒற்றைத் துண்டைப் பார்த்தாள். "அரையும் மூண்டில ஒண்டும் சேர்ந்தா ஆறில அஞ்சு!" என்று கத்தினாள். டீச்சர் சந்தோசத்தில் அவளைக் கட்டிப்பிடித்தார். அந்த ஒரு கணத்தில் நாலு சுவர்களும் பந்தியை நோக்கிப் புறப்பட்டன. மாப்பிள்ளையின் பெரியப்பா ஆட்டிறைச்சிக் கறிக்குள்ளும், ஆட்டிறைச்சிக் கறி மாப்பிள்ளையின் கோட்டுக்குள்ளும், கேக் முழுவதும் கதவு வழியாக மடுத்தீனின் மடியிலும் வந்து சேர்ந்தன.

கிளறின்டாவின் தாய் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மடுத்தீன் மறுநாளே சட்டையை மாற்றிக்கொண்டு, முகாமைப் பார்க்கிற வருவாய் ஆய்வாளர் குருந்தையாவிடம் போனார். "ஐயா, ஒரு வீட்டில அரசாங்கம் குடுத்ததுக்கு மேல இடம் கிடக்கு" என்றார்.

குருந்தையா ஆச்சரியப்படவில்லை. இருபது வருட வேலையில் அவர் இடம் கூடிய வீடுகளை நிறையப் பார்த்திருந்தார். வெளிப்பக்கமாகக் கூடியிருந்தன, இது உட்பக்கமாகக் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். டீச்சர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். "செவ்வாய்க்கிழமை வந்து அளப்பேன். பத்துக்குப் பத்துன்னா எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு அங்குலம் அதிகமா இருந்தாலும் ஆக்கிரமிப்பு. பூட்டி சீல் வச்சிருவேன் டீச்சர், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அடுத்த வாரம் பிளஸ் டூ பரீட்சை. முகாமில் எழுதுகிற பதினோரு பிள்ளைகளுக்கும் வீடு என்றால் தொட்டில், தொலைக்காட்சி, குடித்துவிட்டு வந்த தகப்பன், எல்லாம் ஒரே பத்தடிக்குள். அவர்கள் புத்தகத்தை விரிக்க இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. முப்பது வருசத்தில் மரம், படகு, கிட்டங்கி என்று ஒவ்வொன்றாகத் தன் பள்ளிக்கூடங்களை விட்டுவந்த டீச்சருக்கு இன்னொன்றையும் விட மனமில்லை.

முகாம் கூடிப் பேசியது. மூளையுள்ளவர்கள் எல்லோரும் ஒரே யோசனைக்கு வந்தார்கள்: படித்தால்தானே பெருக்கும்? செவ்வாய்க்கிழமை ஒருவரும் ஒன்றும் படிக்கக் கூடாது. பிள்ளைகளைப் புத்தகமில்லாமல் கண்மாய்க் கரைக்கு அனுப்பினார்கள். ஞானம்மாக்கா வடை சுற்றி வந்த பேப்பரைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கிழித்தெறிந்தார். அறையில் டீச்சர் மட்டும் தனியாக, மடியில் கை வைத்துக்கொண்டு, எதையும் யோசிக்காமல் இருந்தார். நாட்டை விட்டு வந்த நாளிலிருந்து இவ்வளவு கவனமாக அவர்கள் எதையும் திட்டமிட்டதில்லை. இவ்வளவு பெரிய பிழையையும் விட்டதில்லை.

குருந்தையா டேப்போடு வந்தார். மடுத்தீன் ஒரு முனையைப் பிடிக்க உள்ளே வந்தார். அவரை நெருக்கித் தள்ள அன்றைக்கு அறை மறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது நெருக்கத்தான் செய்தது, வெளியே தள்ளவில்லை, அவ்வளவே.

"ஒம்பதரை" என்றார் குருந்தையா. டேப்பை உதறினார். மறுபடி அளந்தார். "ஒம்பது."

"சரியாப் பிடியுங்கோ ஐயா" என்றார் மடுத்தீன்.

"எனக்கு அளக்கத் தெரியும்யா. நான் எம்.ஏ." சுவர் அரையடி வந்தது. "எட்டரை! என்னங்க இது?"

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது; ஆனால் விளங்கிக்கொண்டது கற்றுக்கொண்டதில் சேராது போலும், சுவர் நிற்கவில்லை. இதுவரை அந்த அறையில் எப்போதும் யாராவது ஒரு பிள்ளையாவது தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லாம் தெரிந்த மூன்று பேர் மட்டும் தனியாக அதற்குள் இருந்தது இதுவே முதல் தரம்.

"குறைஞ்சா நல்லதுதானே ஐயா?" என்றார் டீச்சர்.

குருந்தையாவுக்கு வேர்த்துவிட்டது. "நல்லதா? அதிகமா இருந்தா உங்க மேல கேஸ். குறைஞ்சா என் மேல! அரசாங்கம் குடுத்த பத்தடியில ஒன்றரை அடியை எவன் தின்னான்னு கேப்பான். என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களே! பூட்டவும் முடியாது, விடவும் முடியாது, இடிச்சிட்டுப் புதுசாக் கட்டணும்னு எழுத வேண்டியதுதான்."

இடிப்பது என்றதும் டீச்சர் கையை நீட்டி மறித்தார். "பொறுங்கோ. யாராவது ஒராள் ஏதாவது புதுசாப் படிச்சாக் காணும், சுவர் நிண்டுபோகும். ஐயா, உங்களுக்குத் தசம கணக்கு..."

"தெரியும்."

சுவர் வந்தது.

"மடுத்தீன், உமக்கு இந்தப் பூமி சுத்துறது எப்பிடியெண்டு..."

"அது எனக்குத் தெரியும்."

"தெரியாதெண்டு சொல்லுமன்!"

"தெரிஞ்சதை எப்பிடித் தெரியாதெண்டு சொல்லுறது? ஏன், நீங்கள் படியுங்கோவன்!"

"நான் டீச்சர். எனக்கு எல்லாம்..."

சொல்லி முடிப்பதற்குள் சுவர் முதுகில் இடித்தது. குருந்தையாவின் தாடை மடுத்தீனின் தோளிலும், மடுத்தீனின் நெஞ்சு டீச்சரின் கண்ணாடியிலும் அழுந்தியிருந்தன. கதவு இருந்த பக்கம் ஒரு கை மட்டும் போகிற சந்து தெரிந்தது. அதன் வழியாக வெளியே முகாம் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டு நின்றது. தூரத்தில் கண்மாய்க் கரையில், வெயிலில், புத்தகமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினோரு தலைகளும் தெரிந்தன. டீச்சர் அவற்றைப் பார்த்தார். பிறகு, கசாயம் விழுங்குகிறவர் போல ஒரு தரம் தொண்டையை அசைத்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"என்னது?" என்றார் மடுத்தீன்.

"விசில். ரெண்டு விரலையும் வாயில வைச்சு நீர் அடிக்கிறீரே, தண்ணி லாரி வந்தா, ஊரே திரும்பிப் பார்க்க. முப்பது வருசமா அதுக்காக உம்மை ஏசுறன். எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. சொல்லித் தாரும்."

மடுத்தீன் டீச்சரை உற்றுப் பார்த்தார், பகிடி பண்ணுகிறாரா என்று. அவர் வாழ்நாளில் யாரும் அவரிடம் எதையும் சொல்லித் தரும்படி கேட்டதில்லை. யாரும் கேட்காமலே அவர்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சு கொஞ்சம் உள்வாங்கியது.

"நாக்கை மடிக்கோணும் டீச்சர்" என்றார் மெதுவாக. "நுனியை இல்லை. இஞ்சால. ரெண்டு விரலையும் இப்பிடி. ஊதுங்கோ."

டீச்சர் ஊதினார். எச்சில் குருந்தையாவின் சட்டையில் தெறித்தது. வேறெந்தச் சத்தமும் வரவில்லை, ஆனால் சுவர் ஒரு சாண் பின்னால் போனது.

"மூணு! ஊதுங்க, ஊதுங்க!" என்றார் குருந்தையா, டேப்பைப் பிடித்துக்கொண்டு. "அஞ்சு. ஏழு. ஒம்பது. ஒம்பதரை. பத்து! பத்து வந்திருச்சு, போதும், நிறுத்துங்க டீச்சர்!"

டீச்சர் விரலை எடுத்தார். ஆனால் நாக்கு நிற்கவில்லை. அது வாய்க்குள்ளேயே தானாக மடிந்து மடிந்து பழகிக்கொண்டிருந்தது. பத்தடி ஒரு அங்குலம். பத்தடி மூன்று அங்குலம். "ஐயோ, ஆக்கிரமிப்பு! ஏதாவது பண்ணுங்கய்யா!" என்று அலறினார் குருந்தையா.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் மடுத்தீன், சுவரைப் பார்த்து. சுவர் ஒரு அங்குலம் வந்தது. "கடல் தெரியும். காத்துத் தெரியும்." இன்னொரு அங்குலம். "அரசியல் தெரியும். வைத்தியம் தெரியும்." கொஞ்சம் அதிகமாகிவிட்டது, டீச்சர் கன்னத்தை உப்பி ஒரு தரம் ஊத, அது சரியாயிற்று. இப்படி ஒருவர் தெரியாமலும் ஒருவர் தெரிந்தும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, அறை பத்துக்குப் பத்தில் நின்று நடுங்கியது. குருந்தையா நாலு பக்கமும் ஓடி ஓடி அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, "நான் மெயின் ரோடு தாண்டுற வரைக்கும் யாரும் எதையும் கத்துக்கக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மறுநாள் பிள்ளைகள் வந்து பார்த்தபோது, கரும்பலகைக்கு முன்னால் மடுத்தீன் நின்றார், கையில் பிரம்போடு. முன்வரிசையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார், முகவாய் எல்லாம் எச்சில். "காத்துத்தான் வருது. நாக்கை மடியுங்கோ எண்டா மடிக்கோணும்" என்று சத்தம் போட்டார் மடுத்தீன். பின்சுவரைக் காணவில்லை. அவ்வளவு வயது போன, அவ்வளவு பிடிவாதமான, அவ்வளவு மெதுவாகக் கற்கிற ஒரு பிள்ளை அந்த அறைக்கு அதுவரை கிடைத்திருக்கவில்லை. அது தன்னிடமிருந்த இடத்தையெல்லாம் எடுத்து விரித்து விட்டிருந்தது. பரீட்சைப் பிள்ளைகள் புத்தகங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அறைக்குள்ளேயே சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய் ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் படிக்க உட்கார்ந்தார்கள். வண்ணக்காரர்கள் கையையும் காலையும் அகல விரித்துப் படுத்தார்கள்.

ஞானம்மாக்கா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, முகாமின் சார்பாக ஒரு விண்ணப்பம் வைத்தார். "டீச்சர், பரீட்சை முடியுமட்டும் விசில் பழகிப்போடாதேங்கோ."

டீச்சர் தலையை மட்டும் திருப்பினார். வாயில் விரல் இருந்தது.